விதியை ஒப்பிக்கிறார்கள், இரண்டு ஷாட்டைச் சேர்க்க முடியவில்லை: கன்டினியூட்டி எடிட்டிங்கை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

#1 கரும்பலகை

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கலைக் கல்லூரியில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மாணவர்களுக்குத் திரைப்பட ஆய்வு, படத்தொகுப்பு என்று இரண்டு தாள்களையும் எடுக்கிறேன். இரண்டும் வெவ்வேறு செமஸ்டரில் வருகின்றன. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

கன்டினியூட்டி எடிட்டிங் என்பது வெட்டு உறுத்தாமல் ஷாட்டுகளைத் தொடர்ச்சியாகச் சேர்ப்பது. பரீட்சையில் கேட்டால் 180 டிகிரி விதி (பேசும் இருவருக்கு நடுவே உள்ள கோட்டின் ஒரே பக்கத்தில் கேமரா நிற்பது), 30 டிகிரி விதி (அடுத்த ஷாட்டுக்குக் கேமரா குறைந்தது 30 டிகிரியாவது நகர்வது), ஐலைன் மேட்ச் (பார்வைத் திசை பொருந்துவது), ஓர் அசைவின் நடுவில் வெட்டும் மேட்ச் ஆன் ஆக்‌ஷன், ஷாட் - ரிவர்ஸ் ஷாட் (பேசும் இருவரையும் மாறி மாறிக் காட்டுவது) எல்லாவற்றையும் படம் வரைந்து விளக்கிவிடுகிறார்கள். கையில் கேமராவைக் கொடுத்து, "கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேர் நாலு வரி பேசட்டும், எடுத்து வெட்டிக் கொண்டு வாருங்கள்" என்றால் இருவரும் ஒரே பக்கம் பார்த்தபடி பேசுகிறார்கள். டீ கிளாஸ் ஒரு ஷாட்டில் உதட்டருகே, அடுத்த ஷாட்டில் மேசையில். எங்கே இடிக்கிறது என்று கேட்டால் "ஏதோ சரியில்லை சார்" என்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

ஆய்வுத் தாளிலும் இதே நிலைதான். ஒரு காட்சியைப் பற்றி எழுதச் சொன்னால் கதையை எழுதி, கடைசியில் "ஒளிப்பதிவு காட்சிக்கு வலு சேர்க்கிறது" என்று முடித்துவிடுகிறார்கள். ஏன் அந்த இடத்தில் வெட்டினார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

பார்ப்பதையும் வெட்டுவதையும் சேர்த்தே கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எந்தக் காட்சியை எடுப்பது, என்ன பயிற்சி கொடுப்பது? தொழிலில் இருப்பவர்களும் இப்போது படிப்பவர்களும் சொல்லுங்கள்.

#2 கத்தரிக்கோல்

சார், முதல் சில வகுப்புகளுக்கு அந்தப் பெயர்கள் எதையுமே சொல்லாதீர்கள். பெயர் தெரிந்துவிட்டால் விஷயம் புரிந்துவிட்டது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள்.

நான் உதவியாளர்களைப் பழக்குவது இப்படித்தான். மூன்று நிமிடக் காட்சி ஒன்று. சத்தத்தை அணைத்துவிட வேண்டும். ஒவ்வொரு கட் வரும்போதும் நிறுத்தி, நோட்டில் எழுத வேண்டும்: ஷாட் எவ்வளவு நெருக்கம், ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறார், ஷாட்டின் கடைசி ஃபிரேமில் என் கண் திரையில் எங்கே இருந்தது, அடுத்த ஷாட்டின் முதல் ஃபிரேமில் அந்தக் கண்ணுக்கு என்ன கிடைத்தது. இந்தக் கடைசி இரண்டும்தான் முக்கியம். கண் திரையின் இடது ஓரத்தில் ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அடுத்த ஷாட்டில் முக்கியமானது வலது மூலையில் இருந்தால், பார்ப்பவர் தேட வேண்டியிருக்கிறது. அந்தத் தேடல்தான் உங்கள் மாணவர்கள் சொல்லும் "ஏதோ சரியில்லை".

'லுக்' என்று படப்பிடிப்பு ஸ்பாட்டில் ஓயாமல் கேட்பீர்கள். "ஹீரோ லெஃப்ட் லுக், அவங்க ரைட் லுக்" என்பார்கள். ஐலைன் மேட்ச் என்று புத்தகம் சொல்வது இதைத்தான். லுக் மாறினால் காட்சி உடைந்துவிடும். கிளாஸ் மாறினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கிளாஸைத் திருத்த ராத்திரி பகலாக உட்காருகிறவர்கள் லுக்கைக் கவனிக்காமல் விட்டுவிடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும்.

ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச் தன் புத்தகத்தில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். நல்ல கட்டுக்கு உணர்ச்சி 51 சதவீதம், கதை 23, தாளம் 10, கண் போகும் இடம் 7, திரையின் தட்டையான பரப்பு 5, அறையின் உண்மையான இடத் தொடர்ச்சி 4. ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தால் கீழிருந்து மேலாக விட்டுக்கொடு என்கிறார். நாம் முதல் வகுப்பிலேயே போர்டில் வரையும் 180 டிகிரிக் கோடு அந்த 5-இல் அடங்குகிறது.

#3 கரும்பலகை

மர்ச் கணக்கு எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு சந்தேகம். உணர்ச்சியை முதல் ஆண்டில் எப்படி மதிப்பிடுவது? கோட்டைத் தாண்டிவிட்டாய் என்று மாணவரிடம் காட்ட முடியும். உணர்ச்சி வரவில்லை என்றால் "எனக்கு வந்தது சார்" என்பார். கீழே இருக்கும் 4-ஐயும் 5-ஐயும் முதலில் கற்றுக்கொடுப்பதற்குக் காரணம், அவற்றைத்தான் கண்ணால் காட்டி நிரூபிக்க முடியும் என்பது.

#4 தேம்ஸ்கரை

இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் லண்டனில் ஏ-லெவலில் மீடியா ஸ்டடீஸ் படித்தவள். நான் படித்த காலத்து ஓசிஆர் தேர்வு வாரியப் பாடத்திட்டத்தில் வீடியோ எடுக்கிறவர்கள் பெரிய வேலையைத் தொடங்க முன்னம் ஒரு சின்னப் பயிற்சி செய்ய வேண்டியிருந்தது. ஒருவர் கதவைத் திறக்கிறார், அறையைக் கடந்து வருகிறார், இன்னொருவருக்கு எதிரே நாற்காலியில் இருக்கிறார், இரண்டொரு வரி கதைக்கிறார்கள். அவ்வளவுதான். அதற்குள் மேட்ச் ஆன் ஆக்‌ஷன், ஷாட் - ரிவர்ஸ் ஷாட், 180 டிகிரி விதி மூன்றும் வர வேண்டியிருந்தது.

பார்க்க லேசு. செய்தால்தான் அதன் அருமை தெரியும். வெளியே நடைவழியில் கேமராவை வைத்து, ஆள் இடமிருந்து வலமாக நடந்து கதவுக்கு வருகிறார் என்று எடுக்கிறோம். பிறகு உள்ளே போய், எங்களுக்கு வசதியான மூலையில் கேமராவை வைத்தால் அவர் வலமிருந்து இடமாக வருகிறார். வெட்டிப் பார்த்தால் போனவர் திரும்பி வருகிற மாதிரி இருக்கும். அதற்கு ஒரு வழி உண்டு: உள்ளே கேமராவைக் கதவுக்கு நேர் எதிரே வைத்து, ஆள் எங்களை நோக்கி வரச் செய்வது. நேரே வருகிறவருக்கு இடமும் இல்லை வலமும் இல்லை. அந்த ஷாட்டுக்குப் பிறகு எந்தப் பக்கமும் போகலாம்.

கைப்பிடியும் அப்படித்தான். வெளியில் கை கைப்பிடியைத் திருப்பி, கதவு அசையத் தொடங்கும் இடத்தில் வெட்ட வேணும். உள் ஷாட்டில் கதவு ஏற்கெனவே அசைந்துகொண்டிருக்க வேணும். நின்ற கதவில் தொடங்கினால் அவர் இரண்டு தரம் திறந்த மாதிரிப் போய்விடும். அதற்காக இரண்டு பக்கமும் முழுச் செயலையும் நடிக்கச் செய்து எடுத்தோம்: வெளியிலும் அவர் முழுதாக உள்ளே போய் மறையும்வரை, உள்ளேயும் கதவு சாத்தியிருக்கும்போதே தொடங்கி.

கரும்பலகை சேர், உங்கட கேன்டீன் பயிற்சியில் ஆட்கள் முதலே இருந்துவிடுகிறார்கள். எழும்பி நடந்து வந்து இருக்க வையுங்கோ. கோடு எங்கே உருவாகிறது என்று அப்போதுதான் தெரியும்.

#5 இரண்டாமாண்டு

நான் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இரண்டு கேள்விகள்.

ஒன்று, 180 டிகிரிக் கோடு இரண்டு பேர் இருந்தால் புரிகிறது. மூன்று பேர் உட்கார்ந்தால் கோடு எங்கே? எங்கள் புத்தகத்தில் இரண்டு பேர் படம்தான் இருக்கிறது.

இரண்டு, எங்கள் வகுப்பில் பலர் "இதெல்லாம் பழைய காலம், ரீல்ஸில் எல்லாரும் ஜம்ப் கட்தானே (நடுவில் தாவிப் போகும் வெட்டு) போடுகிறார்கள், பிரெஞ்சு இயக்குநர் கோதார் 1960-லேயே உடைத்துவிட்டாரே" என்கிறார்கள். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. உடைக்கிறதுக்காகவே ஒரு விதியைக் கற்றுக்கொள்ள வேண்டுமா?

#6 ரீல்பெட்டி

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன் அம்மா. திரைப்படச் சங்கத்தில் பல காலமாகப் படம் போட்டுப் பேசிக்கொண்டிருப்பவன் என்பதால் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

எட்வின் போர்ட்டர், எடிசன் நிறுவனத்துக்காக எடுத்து 1903-இல் வெளிவந்த தீயணைப்பு வீரர் படம் ஒன்று உண்டு, 'லைஃப் ஆஃப் ஆன் அமெரிக்கன் ஃபயர்மேன்'. எரியும் வீட்டுக்குள் ஒரு பெண் மயங்கி விழுகிறாள். வீரர் வந்து அவளை ஜன்னல் வழியாகத் தூக்கிப் போகிறார், மறுபடி வந்து குழந்தையையும் எடுத்துப் போகிறார். இவ்வளவும் அறைக்குள்ளிருந்து ஒரே ஷாட்டில். அது முடிந்ததும், அதே மீட்பு முழுவதும் மறுபடியும் முதலிலிருந்து, வெளியே தெருவிலிருந்து. ஏணி, ஜன்னல், பெண், பிறகு குழந்தை. நமக்கு இது இரண்டு முறை காப்பாற்றியது போலிருக்கும். அன்றைய முறையோ முதலில் உள்ளே நடந்ததை முழுதாகச் சொல்லிவிட்டு, வெளியே நடந்ததைப் பிறகு சொல்வதுதான்.

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்திடம் இருந்த பிரதியிலோ உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே என்று மாற்றி மாற்றி வெட்டப்பட்டிருந்தது. அதை நம்பி, இன்றைய எடிட்டிங்கை 1903-லேயே போர்ட்டர் கண்டுபிடித்துவிட்டார் என்று பல ஆண்டுகள் எழுதினார்கள். பிறகு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருந்த காகிதப் பிரதியுடன் ஒப்பிட்டபோதுதான், மாற்றி வெட்டியது பின்னால் யாரோ செய்த வேலை என்று தெரிந்தது. 1912-க்கு முன்னால் அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தில் திரைப்படம் என்று தனி வகை கிடையாது. அதனால் ஃபிரேம்களைக் காகிதச் சுருளில் அச்சடித்துப் புகைப்படமாகப் பதிவு செய்தார்கள். அந்தக் காகிதம் உண்மையைக் காப்பாற்றித் தந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கன்டினியூட்டி மனிதக் கண்ணோடு பிறந்ததில்லை. 1903-க்கும் 1917-க்கும் இடையில் படம் எடுத்தவர்கள் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துச் சேர்த்த ஏற்பாடு அது. 1917 வாக்கில் ஹாலிவுட்டில் அது நிலைபெற்றுவிட்டது என்று திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல்லும் உடன் எழுதியவர்களும் கணக்கிடுகிறார்கள். மனிதர்கள் செய்த ஏற்பாடு என்பதால் வேறு மாதிரியும் செய்யலாம். ஜப்பானில் யாசுஜிரோ ஓசு கோட்டை மதிக்கவே இல்லை. இருவர் பேசும்போது இருவரும் ஒரே திசையில் பார்ப்பது போல வரும், உங்கள் கேன்டீன் மாணவர்கள் எடுத்தது மாதிரியே. ஆனால் முகங்களின் அளவு, திரையில் அவை இருக்கும் இடம், தாழ்ந்த கேமரா எல்லாம் ஷாட்டுக்கு ஷாட் அவ்வளவு துல்லியமாகப் பொருந்தும். ஒன்றைத் தளர்த்தும்போது மற்றொன்றை இறுக்கியிருக்கிறார்.

கோதாரும் அப்படித்தான். 'ப்ரெத்லெஸ்' படத்தில் காரில் போகும் காட்சியைப் பாருங்கள். ஜீன் செபெர்க்கின் பின்தலையிலேயே கேமரா இருக்கிறது. தெரு தாவித் தாவி மாறுகிறது. ஆனால் காரை ஓட்டும் கதாநாயகனின் பேச்சு விடாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. படம் உடைகிறது, ஒலி உடையவில்லை. எல்லாவற்றையும் உடைத்திருந்தால் நமக்கு எதுவுமே புரிந்திருக்காது.

ஆய்வு எழுதும் மாணவர்களுக்கு ஒன்று: யூடியூபில் கிடைப்பதை வைத்து ஷாட் எண்ணாதீர்கள். மேலும் கீழும் வெட்டியிருப்பார்கள், காப்புரிமைக்காகக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப் போட்டிருப்பார்கள். திருப்பிப் போட்ட படத்தில் லுக் எல்லாம் மாறிவிடும்.

#7 கத்தரிக்கோல்

ரீல்பெட்டி ஐயா சொன்ன கடைசி விஷயத்தை எல்லா விஸ்காம் துறையிலும் எழுதி ஒட்ட வேண்டும்.

ரீல்ஸ் பற்றி என் பங்குக்கு. தங்கச்சி, உங்கள் நண்பர்கள் பார்ப்பது தனியாள் கேமராவைப் பார்த்துப் பேசும் வீடியோ. அதில் கோடே கிடையாது. எதிரே இருப்பது நாம்தான். ஜம்ப் கட் அங்கே உறுத்தாது.

ஆனால் இன்னொரு வகை ரீல்ஸ் இருக்கிறதே, ஒரே ஆள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அம்மாவாகவும், துண்டை எடுத்துவிட்டு மகனாகவும் நடிப்பது? அதை ஒருமுறை சத்தமில்லாமல் பாருங்கள். அம்மா எப்போதும் ஒரு பக்கம் பார்ப்பாள், மகன் எப்போதும் எதிர்ப்பக்கம். அம்மா நின்றுகொண்டிருந்தால் அவள் பார்வை சற்றுக் கீழே, சோபாவில் கிடக்கும் மகன் பார்வை சற்று மேலே. அங்கே இரண்டாவது ஆளே கிடையாது. அறையில் ஒருவர் மட்டும் போனை ஸ்டாண்டில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ஆனாலும் இரண்டு பேர் சண்டை போடுவதை நாம் பார்க்கிறோம், சிரிக்கிறோம். அந்த இரண்டு பேரையும் உண்டாக்குவது லுக் மட்டும்தான். இதைச் செய்யும் பிள்ளைகள் பல பேருக்கு 180 டிகிரி என்ற பேரே தெரியாது. அவர்கள் கண்ணுக்குத் தெரியும்.

கரும்பலகை சார், உங்கள் முதல் வகுப்பு இதுவாக இருக்கட்டும் என்பது என் வேண்டுகோள். ஒவ்வொருவரும் ஒற்றை ஆளாக இரண்டு வேஷம் எடுத்து வரட்டும். பிறகு வேண்டுமென்றே ஒரு ஷாட்டை மட்டும் மிரர் செய்து போட்டுக் காட்டுங்கள். மகன் யாரிடம் பேசுகிறான் என்றே தெரியாமல் போய்விடும். அப்புறம் போர்டில் கோடு போட்டால் அந்தக் கோடு நிற்கும்.

மூன்று பேர் கேள்விக்கு: கோடு தரையில் ஒட்டியிருக்கும் பொருள் இல்லை. இந்த நேரத்தில் யார் யாரைப் பார்க்கிறார்களோ அவர்களுக்கு நடுவில் இருக்கிறது. கால்பந்து ஒளிபரப்பில் முக்கியமான கேமராக்கள் எல்லாம் மைதானத்தின் ஒரே பக்கம்தான் இருக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து ரீப்ளே காட்டினால் 'ரிவர்ஸ் ஆங்கிள்' என்று எழுதிப் போடுவார்கள். ஏனென்றால் அங்கே இரண்டு கோல் கம்பம், ஒரே ஒரு கோடு. சாப்பாட்டு மேசையில் மூன்று பேர் என்றால் மூன்று கோடு. அப்பாவும் மகளும் பேசும்வரை அவர்கள் கோடு. மகள் திரும்பி அம்மாவைப் பார்க்கிறாள் பாருங்கள், அந்தத் திரும்பல் ஷாட்டில் முழுதாகத் தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால் புதுக் கோட்டுக்கு வந்துவிட்டீர்கள், பார்ப்பவரும் கூடவே வந்துவிட்டார்.

#8 கரும்பலகை

ஒற்றை ஆள் ரீல்ஸ்! இது எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த வாரமே செய்யப் போகிறேன்.

தேம்ஸ்கரை சொன்ன கதவுப் பயிற்சியோடு சேர்த்துப் பார்க்க ஒரு காட்சியும் கிடைத்துவிட்டது. ஜான் ஹூஸ்டனின் 'தி மால்டீஸ் ஃபால்கன்', 1941. தொடக்கத்தில் துப்பறிவாளர் ஸ்பேடின் அலுவலகம். ஜன்னலில் தொடங்கி ஸ்பேட், உள்ளே வரும் செயலாளர், அவர் கதவைத் திறந்துவிட வரும் பெண், அவள் மேசைக்கு எதிரே உட்காருவது, இருவர் பேச்சு, பிறகு கூட்டாளி ஆர்ச்சர் உள்ளே நுழைவது. கதவு, நடை, நாற்காலி, பேச்சு எல்லாமே இருக்கின்றன. மூன்றாவது ஆளும் வந்துவிடுகிறார். போர்ட்வெல்லும் கிறிஸ்டின் தாம்ப்ஸனும் எழுதிய 'ஃபிலிம் ஆர்ட்' பாடநூலில் இந்தக் காட்சியை ஷாட் ஷாட்டாகப் படத்தோடு பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். முதலில் மாணவர்கள் தாங்களே பிரித்துவிட்டுப் பிறகு புத்தகத்தைத் திறந்து ஒப்பிடட்டும்.

ஆங்கிலப் படம் என்பதால் மாணவர்கள் ஒதுங்குவார்களோ என்ற கவலை இருந்தது. சத்தத்தை அணைத்துவிட்டால் அந்தக் கவலையும் இல்லை.

#9 கிளாப்பலகை

எல்லாரும் எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்து பேசுகிறீர்கள். ஸ்பாட் பக்கமிருந்து நான் கொஞ்சம் சொல்கிறேன். உதவி இயக்குநராக கன்டினியூட்டி பார்த்த அனுபவம் எனக்கு உண்டு.

மாணவர் படங்களில் எடிட்டரால் ஒன்றும் செய்ய முடியாத தவறுகள்தான் அதிகம். மூன்று வரிக்கு ஒரு ஷாட், அடுத்த மூன்று வரிக்கு இன்னொரு ஷாட் என்று துண்டு துண்டாக எடுத்து வருகிறார்கள். அதை வரிசையாக ஒட்டத்தான் முடியும், வெட்ட முடியாது. எல்லோரும் தெரியும் மாஸ்டர் ஷாட்டை முதலிலிருந்து கடைசி வரை எடுக்க வேண்டும். அப்புறம் இவர் பக்கம் சஜஷனில் முழுக் காட்சி, அவர் பக்கம் சஜஷனில் முழுக் காட்சி, பிறகு க்ளோஸ். சஜஷன் என்றால் ஒருவர் தோள் ஓரமாகத் தெரிய மற்றவரைப் பார்ப்பது. புத்தகத்தில் ஓவர் தி ஷோல்டர் என்று இருக்கும்.

டீ கிளாஸ் விஷயத்துக்கு வருகிறேன். கிளாஸ் எங்கே இருந்தது என்று போட்டோ எடுத்து வைப்பது பாதி வேலைதான். எந்த வார்த்தையில் கை எழுந்தது என்று எழுத வேண்டும். வசனத் தாளிலேயே அந்த வார்த்தைக்கு மேல் பென்சிலில் ஒரு குறி: "'நேத்து' - வலது கை, கிளாஸ் தூக்கல்", "'வரல' - உறிஞ்சல்", "'சரி' - கிளாஸ் கீழே". நடிப்பவர் அடுத்த டேக்கிலும் அதே வார்த்தையில் தூக்கினால் எடிட்டருக்கு எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். தேர்ந்த நடிகர்கள் நாம் சொல்லாமலே இதைச் செய்வார்கள். மாணவர் படத்தில் நடிப்பவர் பக்கத்து ஹாஸ்டல் பையன். அவருக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

சத்தத்தை அணைப்பது பற்றி எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. நம் படங்கள் வசனத்திலும் பாட்டிலும் ஓடுகிறவை. பாட்டுக் காட்சியில் ஒரு வரிக்கு மலை, அடுத்த வரிக்குக் கடற்கரை, உடையும் மாறியிருக்கும். நம் ஜனங்கள் ஒரு கேள்வி கேட்பதில்லை. தாளம் விடாமல் போகிறது, ஆட்டத்தில் கை அதே பக்கம் வீசுகிறது, அது போதும். ஆகவே ஒருமுறை படத்தை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்கும் பயிற்சியும் வேண்டும்.

#10 கத்தரிக்கோல்

ஒப்புக்கொள்கிறேன், இரண்டும் வேண்டும். பாட்டு உதாரணம் ரீல்பெட்டி ஐயா கோதாருக்குச் சொன்னதேதான்: படம் தாவுகிறது, ஒலி பிடித்து வைத்திருக்கிறது.

பேச்சுக் காட்சியில் மாணவர்கள் செய்வது, ஒருவர் வாய் மூடியதும் கட், அடுத்தவர் வாய் திறந்ததும் கட். யார் பேசுகிறாரோ அவர் முகம். பத்து கட் தாண்டினால் சலித்துவிடும். கேட்பவர் முகத்துக்குச் சீக்கிரம் போய்விடுங்கள். பேசுபவரின் கடைசி இரண்டு வார்த்தை, கேட்பவரின் முகத்தின் மேல் விழட்டும். இது எல் கட். அல்லது அடுத்தவர் குரல் முதலில் வந்து, முகம் பின்னால் வரட்டும். அது ஜே கட். எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் அந்த எழுத்து மாதிரியே தெரியும் என்பதால் அந்தப் பெயர். எந்த வார்த்தையில் கேட்பவருக்கு மனசு மாறுகிறதோ அந்த வார்த்தையில் போக வேண்டும். சார் கேட்டாரே, உணர்ச்சியை எப்படிக் காட்டி நிரூபிப்பது என்று. ஒரே காட்சியை இரண்டு விதமாக வெட்டச் சொல்லுங்கள்: ஒன்றில் பேசுபவர் முகம் மட்டும், இன்னொன்றில் முக்கியமான வரிகளில் கேட்பவர் முகம் மட்டும். வகுப்பில் போட்டுவிட்டு, "யாருடைய கதை இது?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் வேறு வேறு பதில் வந்தால் மர்ச்சின் 51-ஐத் தொட்டுவிட்டார்கள்.

#11 இரண்டாமாண்டு

எல்லாருக்கும் நன்றி. சத்தமில்லாமல் பார்த்து எழுதும் பயிற்சியை நானும் என் ரூம்மேட்டும் செய்யத் தொடங்கினோம். குப்ரிக்கின் 'தி ஷைனிங்' (1980) படத்தில் சிவப்புச் சுவர் கழிப்பறையில் ஜாக்கும் பரிமாறுபவரும் பேசும் காட்சியை எடுத்தோம். நடுவில் கேமரா சட்டென்று எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. இடது பக்கம் இருந்தவர் வலதுக்கு வந்துவிடுகிறார். முதலில் பார்த்தபோது எங்கள் இருவருக்கும் தெரியவே இல்லை, எழுதும்போதுதான் கண்டுபிடித்தோம். இவ்வளவு பெரிய தாண்டல் ஏன் உறுத்தவில்லை? வேண்டுமென்றேதானா?

#12 ரீல்பெட்டி

வேண்டுமென்றேதான். அந்த இயக்குநர் அவ்வளவு ஒழுங்காகக் கட்டிய அறையில் தற்செயலுக்கு இடமில்லை. தெளிவாக அடையாளம் தெரியும் இரண்டு பேர், நேருக்கு நேர் நிற்கிறார்கள், ஃபிரேம் நடுவில் பிரித்தது போல ஒழுங்காக இருக்கிறது. ஆகவே யார் எங்கே என்ற குழப்பம் வராது. அந்த உறுதியை முதலில் கொடுத்துவிட்டுத்தான் தாண்டுகிறார். அந்தப் பேச்சில் யார் யாருக்குப் பணிந்தவர் என்பது தலைகீழாகிறது. பரிமாற வந்தவர் அதிகாரம் செய்கிறார், விருந்தாளியாக இருந்தவர் கேட்டுக்கொள்கிறார். இடம் மாறுவதை நான் அதோடு சேர்த்துத்தான் படிக்கிறேன். உங்கள் ஆய்வில் இதை எழுதும்போது, எந்த வரிக்கு முன்னால் தாண்டுகிறது, எந்த வரியில் பழைய பக்கத்துக்குத் திரும்புகிறது, திரும்புகிறதா என்று குறித்து எழுதுங்கள். கருத்துக்கு ஆதாரம் அந்த இடங்கள்தான்.

முதல் முறை தெரியவில்லை என்பதில் வியப்பில்லை. டிம் ஸ்மித், ஜான் ஹெண்டர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், படத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு கட்டுக்கும் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். கட்டைத் தேடுவதுதான் வேலை என்று தெரிந்தும் பார்த்தவர்கள் பலவற்றைத் தவறவிட்டார்கள். அதிகம் தவறியது அசைவின் நடுவில் வெட்டியவை, அதாவது மேட்ச் ஆன் ஆக்‌ஷன். தேம்ஸ்கரை சொன்ன கதவு ஏன் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

#13 கரும்பலகை

இதையே வகுப்பில் செய்து பார்க்கலாம் போலிருக்கிறது. அவர்கள் வெட்டியதைப் பக்கத்து வகுப்பு மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி, கட் தெரிந்தால் கை தூக்கச் சொல்லலாம். நான் மதிப்பெண் போடுவதைவிட அது நேர்மையான பரிசோதனை.

என் திட்டம் இப்படி நிற்கிறது. முதலில் ஒற்றை ஆள் இரண்டு வேஷம். பிறகு மால்டீஸ் ஃபால்கன் அலுவலகம், சத்தமில்லாமல், ஷாட் ஷாட்டாக. மூன்றாவது அதே காட்சியின் கட்டமைப்பை எங்கள் துறை அறையில் தமிழில், தங்கள் சொந்த வசனத்தில் எடுப்பது. கிளாப்பலகை சொன்னபடி மாஸ்டர், இரண்டு சஜஷன், இரண்டு க்ளோஸ், ஒவ்வொன்றிலும் முழுக் காட்சி. ஒரே ஃபுட்டேஜை எல்லோருக்கும் கொடுத்து ஆளுக்கொரு விதமாக வெட்டச் சொல்வது. பெயர்களை அதற்குப் பிறகுதான் சொல்வேன்.

துறையில் நல்ல கேமரா ஒன்றுதான். பெரும்பாலும் போனில்தான் எடுப்பார்கள். அதில் என்ன கவனிக்க வேண்டும்?

#14 கத்தரிக்கோல்

போன் போதும் சார். மூன்று விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் லாக் செய்ய வேண்டும். திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் லாக் ஆகிவிடும். ஆட்டோவில் விட்டால் வெள்ளைச் சட்டைக்காரர் பக்கம் இருட்டாகவும் எதிர்ப்பக்கம் வெளிச்சமாகவும் வரும். லுக் சரியாக இருந்தும் ஒவ்வொரு கட்டும் கண்ணைக் குத்தும். வெயில் வரும் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒருபக்க ஷாட்டுகளை மொத்தமாக முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள், இல்லாவிட்டால் நேரம் போகப் போக நிழல் நகர்ந்துவிடும்.

ஃபிரேம் ரேட்டை (விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை) எல்லாப் போனிலும் ஒன்றாக வையுங்கள். 24 அல்லது 25, எதுவானாலும் ஒன்றே. சில போன்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் ரேட்டைத் தானாக ஏற்றி இறக்கும். அந்த கிளிப் டைம்லைனில் போகப் போக உதட்டசைவு விலகிவிடும். ஃபிரேம் ரேட்டை நிலையாக வைக்கும் கேமரா ஆப்பில் எடுங்கள், இல்லை வெட்டத் தொடங்கும் முன் நிலையான ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அசைவில் வெட்டும்போது ஒரு சின்ன கைப்பழக்கம்: இரண்டு ஷாட்டிலும் கை ஒரே இடத்தில் இருக்கும் ஃபிரேமைக் கண்டுபிடித்து, இரண்டாவது ஷாட்டை அதற்கு இரண்டு மூன்று ஃபிரேம் முன்னால் தொடங்கிப் பாருங்கள். கணக்குப்படி அசைவு கொஞ்சம் திரும்ப வருகிறது. ஆனால் புது ஷாட்டைக் கண் பிடித்துக்கொள்ள அந்த நேரம் வேண்டும். கணக்குப்படி சரியாக வெட்டியதைவிட இது வழுக்கிக்கொண்டு போகும் இடங்கள் நிறைய.

#15 தேம்ஸ்கரை

சத்தத்தையும் சேர்த்துச் சொல்லுங்கோ அண்ணா. எங்கட கதவுப் பயிற்சியில் படம் நல்லாப் பொருந்தியும், ஒவ்வொரு வெட்டிலும் பின்னணி இரைச்சல் மாறி மாறிக் கேட்டது. ஒரு பக்கம் ஃபேன் சத்தம், மற்றப் பக்கம் ரோட்டுச் சத்தம்.

#16 கத்தரிக்கோல்

ஆமாம், அது முக்கியம். எடுத்து முடித்ததும் எல்லோரும் அசையாமல் நின்று, அந்த அறையின் சத்தத்தை மட்டும் ஒரு முப்பது விநாடி பதிவு செய்துகொள்ளுங்கள். ஃபேனை நிறுத்தாமல், ஷாட் எடுத்தபோது இருந்த மாதிரியே. வசன டிராக்குக்குக் கீழே தனி டிராக்கில் அதைக் காட்சி முழுக்க ஓட விடுங்கள். வசனக் கிளிப் ஒவ்வொன்றின் முனையிலும் இரண்டு மூன்று ஃபிரேம் ஃபேடு போடுங்கள். முதலில் இதைச் செய்துவிட்டு அப்புறம் கட்டைத் திருத்துங்கள். நகர்த்த வேண்டும் என்று நினைத்த கட்டுகளில் பாதி அப்படியே நன்றாக இருப்பது தெரியும்.